நாச்சியாபுரத்தில் இரண்டு, காரைக்குடியில் இருபத்திரண்டு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காரைக்குடிப் பக்கம் போனேன். பெரிய வீடுகளைப் பார்க்க அல்ல. நாச்சியாபுரத்தில் ஒரு வங்கிக் கிளையின் லைன் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. அங்குள்ள ஒப்பந்த டெக்னீசியன் கலா தப்பாக இணைத்துவிட்டார் என்று சென்னை அலுவலகம் முடிவு கட்டியிருந்தது. நான் போய்ச் சரிசெய்து, அதையே ரிப்போர்ட்டாக எழுத வேண்டும். எழுதினால் அவர் வேலை போகும்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.40 பஸ், 8.10-க்குக் காரைக்குடி. செக்காலை ரோட்டில் இட்லி, காபி எழுபது ரூபாய். சட்னி பரவாயில்லை. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோ காத்திருந்து திரும்ப எழுநூறு.

"லைன் பாக்க வந்தவுகளா? எம் மச்சான் ரெண்டு நாளா பேங்கு வாசல்ல நிக்கிறான். நேத்தே வரக்கூடாதா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நேத்து மதுரையிலேர்ந்து என்னைய அனுப்பலண்ணே."

"ஆமா, மதுரை அமெரிக்காவுலல்ல இருக்கு!"

கலா வங்கியின் கருவி அறை வாசலிலேயே நின்றார். "நம்ம சென்னை மேனேஜர் போன்ல சொன்னபடிதான் சார் போட்டேன். ரெண்டுக்கு ரெண்டு, இங்க ரெண்டாம் சானல், காரைக்குடியிலயும் ரெண்டாம் சானல். ஒண்ணாம் சானல்ல டெஸ்ட் பண்ணச் சொன்னாக, பாஸ் ஆச்சு. இதுல என் தப்பு என்னங்கிறீக?"

ஒரு தப்பும் இல்லை. இங்கே இருப்பது ஒரு கம்பெனியின் பெட்டி, காரைக்குடியில் புதிதாக வைத்தது வேறு கம்பெனியுடையது. ஒரே ஃபைபரில் அறுபத்து மூன்று சானல்கள் போகின்றன: மூன்று பெரிய கட்டு, ஒவ்வொன்றிலும் ஏழு சின்னக் கட்டு, அதற்குள் மும்மூன்று சானல். காரைக்குடிக் கம்பெனி முதல் பெரிய கட்டின் இருபத்தொன்றையும் எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. இங்கே உள்ளது ஒவ்வொரு பெரிய கட்டிலும் ஒன்றொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆகவே இங்கே இரண்டு, அங்கே இருபத்திரண்டு என்று கலாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முதல் சானல் இரண்டு எண்ணிக்கையிலும் ஒன்றுதான். டெஸ்ட் பாஸாகாமல் என்ன செய்யும்?

லேப்டாப்பிலிருந்தே காரைக்குடிப் பெட்டியில் 22-க்கு மாற்றினேன். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது, லைன் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"ஃபீல்டு மிஸ்டேக்னு, கலா தப்புன்னு போட்டு முடிச்சிரு."

"ரெண்டுக்கு ரெண்டுன்னு சொன்னது நீங்க சார்."

"உனக்கு இங்க வேலை பாக்குற எண்ணம் இருக்கா?"

கலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "விடுங்க சார், உங்களையும் சேத்துத் தூக்கிருவாக."

நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன்.

இந்த வேலையாக வருகிறவர்களுக்கு: அறையில் மின்விசிறி கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். இரண்டு கம்பெனிப் பெட்டிகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றிலோ அறுபத்து மூன்றிலோ டெஸ்ட் செய்து ஏமாறாதீர்கள். அந்த இரண்டு எண்களும் எப்போதும் பொருந்தும். மேலே இருப்பவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். நேர்மையாக எழுதினால் போதும் என்று நம்பாதீர்கள். என் ரிப்போர்ட் சென்னை வழியாக வங்கியிடம் போனபோது அதில் ஃபீல்டு மிஸ்டேக் என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கலா கூப்பிட்டார்.

"என்னைய நிப்பாட்டிட்டாக சார். என் எடத்துக்குப் புதுசா வந்த ஆளு போன் போடுறாரு. கூட்டுறவுச் சங்கத்துக்கு மூணாஞ் சானலாம், அங்குட்டு எதுல போடணும்னு கேக்குறாரு. மேனேஜரே என் நம்பரைக் குடுத்தாராம்."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க காட்டுன கணக்குல நாப்பத்திமூணு வருது. ஆனா மேனேஜர் எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே, மூணுக்கு மூணுன்னு சொல்லிட்டேன்."

நான் திருத்தவில்லை.