காயப்போட்ட நெல்லும் என் தூக்கமும்

தூக்கம் வராதவளுக்கு யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். ஜாதிக்காயை உரசிப் பாலில் போடு, உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய், மத்தியானத்துக்கு மேல் காபியைத் தொடாதே, செல்போனை அடுத்த அறையில் வை, பகலில் கண் அசராதே. திருவாரூரில் ஆபீஸ் வேலை பார்க்கும் நான் அத்தனையும் பிடிவாதமாகச் செய்தேன். மெத்தையெல்லாம் எண்ணெய்க் கறை ஆனதுதான் மிச்சம்.

பொங்கல் கழிந்து சம்பா அறுவடை ஆனதும் தம்பி நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனான். ஈரப்பதம் அதிகம், காயவைத்தால்தான் எடுப்போம் என்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நெல் அங்கே கிடந்தால் ஆளும் அங்கேயே கிடக்க வேண்டும். மாடு வரும், மழை வரும். ஒரு வாரமாகத் தம்பி குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது கண் சிவந்து இருமிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்துவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தயங்கினான். எனக்குத்தான் தூக்கமே வராதே, என்னைவிட நல்ல காவல் யார் என்று பெருமை வேறு பேசினேன். மேகம் திரண்டால் நெல்லைக் கூட்டித் தார்ப்பாயால் மூடிவிடு, பக்கத்துக் குவியல்காரர்கள் கை கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பரப்பியிருந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டபடி போவதும் வருவதுமாக நடந்தேன். வெயில் முதுகில் உறைத்தது. சுணை பட்டுக் கால் அரித்தது. நாற்காலியிலேயே பழகிய உடம்பு ஓய்ந்துபோனது. செல்போனும் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. ஐந்து நிமிஷம் உட்காரலாம் என்று வேப்பமரத்தடியில் சாக்கில் சாய்ந்தேன். வருஷக்கணக்கில் வராத தூக்கம் அப்போது பார்த்து வந்தது.

முகத்தில் தண்ணீர் விழுந்துதான் விழித்தேன். தங்கள் நெல்லை மூடிவிட்டவர்கள் எங்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டே, "எழுந்திரிங்கம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நெல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடிவிட்டது.

தம்பி பைக்கில் நனைந்துகொண்டே வந்தான். ஒரு கை நெல்லை அள்ளிப் பிழிந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டான். தூங்கிவிட்டேன் என்று நானே சொன்னேன். திட்டுவான் என்று காத்து நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நல்லா தூங்கினியாக்கா?" என்றான். குத்தலாகக் கேட்கவில்லை. "எத்தனை நாளாச்சு நீ தூங்கி."

நெல் முளைவிடாமல் இருக்க முதலிலிருந்து மறுபடி காயவைக்க வேண்டும். அன்றும் அவன்தான் அங்கே தங்கினான், அந்த இருமலோடு, ஈரச் சாக்கில். நான் இருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவனை நினைத்து விடிய விடிய விழித்துக் கிடப்பேன், எனக்கு அதுதான் தண்டனை என்று படுத்தேன். அதுகூட எனக்கு வாய்க்கவில்லை. அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன், காலையில் பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை.