நாகஜோதி கொடுக்காத சாவி

நாகஜோதி பால் பாக்கெட் வாங்கினால் நான்கு மூலையையும் அழுத்திப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் மூடியின் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பாள், தூக்கிப் பார்ப்பாள், பிறகு மறுபடியும் சீல் பார்ப்பாள். பழங்காநத்தத்தில் அவள் தெருவில் பூ விற்கிற சோணையம்மாள் அவள் வருவதைக் கண்டதுமே பூப்பந்தை நீட்டிவிடுவாள்: "இந்தா தாயி, நீயே முழம் போட்டுக்க. எனக்கு எதுக்கு வம்பு."

"எம்பொண்டாட்டி முன்னாடி சாமியே வந்தாலும் ஆதார் கார்டைக் காட்டணும்" என்பான், ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் தங்கப்பாண்டி.

சந்தேகம் அறிவுக்குள் நுழையும் வாசல்தான். ஆனால் வாசலிலேயே பாயை விரித்துப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு.

சோழவந்தான் போகிற வழியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் அவள் இயற்பியல் ஆய்வக உதவியாளர். அங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து சிறிய மாதிரி ராக்கெட்டுகள் விடுகிறார்கள். அவர்களுடைய சாமான்களுக்கு நாகஜோதிதான் பொறுப்பு. கோடையில் அவர்கள் மூன்று மோட்டார்களை ஒன்றாகக் கட்டி ஒரு ராக்கெட் விட்டார்கள். ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும், அதைப் பற்றவைக்க, ஒரு இக்னைட்டர் இருக்கும். மெல்லிய இரட்டைக் கம்பி, அதன் நுனியில் தீக்குச்சித் தலை போலக் கருப்பு மருந்து. மூன்று கம்பிகளையும் ஒரே பேட்டரியில் பக்கம் பக்கமாக இணைத்து, பொத்தானை அழுத்தினால் மூன்றும் ஒரே நொடியில் பற்ற வேண்டும். ஒன்று பற்றாவிட்டாலும் ராக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அன்று சாய்ந்தது. வறண்ட கண்மாயிலிருந்து கிளம்பி, பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்க் குத்தியது. கொடிக்காலின் சொந்தக்காரர் பேயாண்டி போட்ட சத்தத்தில் கல்லூரி முதல்வரே இறங்கி வர வேண்டியதாயிற்று. "இன்னொரு தடவை சாஞ்சா கிளப்பை இழுத்து மூடிருவேன்" என்றார் அவர்.

ராக்கெட்டுக்கு வயரிங் செய்தவள் தமிழ்வாணி, இறுதியாண்டு மாணவி. அன்று முழுக்க அவள் உடைந்த ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாகஜோதிக்கு யாரையாவது பிடித்தே தீர வேண்டியிருந்தது. அகப்பட்டவர் இம்மானுவேல், கல்லூரி எலக்ட்ரீசியன். அவர் சாமான் வைத்திருந்த அறையைத்தான் ராக்கெட் குழுவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மதிய வேளைகளில் அந்த அறையிலிருந்து அவர் ஓசைப்படாமல் வெளியே வருவதை நாகஜோதி பார்த்திருந்தாள். ஒருமுறை எதையோ சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

"எங்கண்ணே இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல, ச்சும்மா."

சும்மா என்ற பதிலை நாகஜோதி வாழ்நாளில் நம்பியதில்லை. நேரே முதல்வரிடம் போய், இக்னைட்டரில் கை வைத்தது அவர்தான் என்று சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் பத்தலைன்னா அவருக்கு இங்க வேலை இல்ல" என்றார் முதல்வர்.

புது இக்னைட்டர்களைத் தமிழ்வாணி செய்து தந்ததும், நாகஜோதி அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தன் அலமாரியில் பூட்டினாள். பூட்டு போதாது என்று டப்பா மூடியின் இடுக்கில் தன் தலைமுடி ஒன்றையும் வைத்தாள். யாராவது திறந்தால் முடி விழுந்துவிடும். காலையில் வந்ததும் பார்ப்பாள். முடி வைத்த இடத்திலேயே இருக்கும். இருந்தாலும் விடமாட்டாள். ஒவ்வொரு இக்னைட்டராக எடுத்துக் கம்பியை இழுத்துப் பார்ப்பாள். தலையை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பாள். மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டரை வைப்பாள். கீச்சென்று சத்தம் வரும். கோடையிலும் இதையேதான் செய்தாள், இத்தனை மும்முரமாக இல்லை, அவ்வளவுதான்.

ஏவுகிற நாளன்று முதல்வர் குடையோடு வந்து கண்மாய்க் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேட்டரியைத் தூக்கி வந்த இம்மானுவேல் கருவேல நிழலில் ஒதுங்கி நின்றார். பொத்தான் பெட்டிக்கு ஒரு சாவி உண்டு. அதைப் போடாமல் மின்சாரம் போகாது. ராக்கெட் பக்கத்தில் ஆள் இருக்கும்போது யாரும் தவறிப்போய் அழுத்திவிடக் கூடாது என்று அந்தச் சாவியை நாகஜோதி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள்.

தமிழ்வாணி மூன்று கம்பிகளையும் பொருத்தி முடித்து, டப்பாவை நாகஜோதியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி வந்தாள். "மூணும் மீட்டர்ல காட்டுது. ஏவலாம்" என்றாள்.

நாகஜோதி பழக்கதோஷத்தில் டப்பாவைத் திறந்தாள். அடியில் விரித்திருந்த வெள்ளைத்தாள் முழுக்கக் கருப்புப் பொடி.

மாட்டிக்கிட்டான்! யாரோ மருந்தைச் சுரண்டியிருக்கிறார்கள். முதல்வரைக் கூப்பிட வாயெடுத்தவள், பொடியை விரலால் தொட்டாள். கட்டைவிரல் ரேகையில் கருப்பு ஏறியது. தினமும் காலையில் ஏறி, தோசைக்கல் கரி என்று திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கழுவிய அதே கருப்பு.

முடி ஒருநாளும் விழவில்லையே.

"அக்கா, சாவி!" என்று கத்தினான் பொத்தான் பெட்டியருகே நின்ற மாணவன் சித்தார்த்.

பேசாமல் இருந்துவிடலாம். மீட்டர் கீச்சென்றதே, ஒருவேளை பற்றிவிடும். பற்றாவிட்டால் பழி போட ஆள் ஏற்கெனவே இருக்கிறார், அதோ, நிழலில் பற்றவைக்காத பீடியை வாயில் வைத்துக்கொண்டு. நாகஜோதி கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்னம்மா, வெயில்ல வேக வைக்கிறீங்களா?" என்றார் முதல்வர்.

"தர மாட்டேன் சார்."

"ஏன்?"

"நாந்தேன் சார். உருட்டி உருட்டிப் பாத்து மருந்த உதுத்துப்புட்டேன். போன தடவையும் நானாத்தேன் இருக்கும். அவரு ஒண்ணும் பண்ணல."

தமிழ்வாணி ஓடிப்போய் இக்னைட்டர்களை உருவினாள். இரண்டின் நுனியில், ஒரு பக்கம் மருந்து உதிர்ந்து, வெறும் கம்பி மின்னியது; பொருத்துகிற அவசரத்தில் அவள் அதைக் கவனித்திருக்கவில்லை. "தலையத் தொடாதீங்கன்னு எத்தன தடவக்கா சொன்னேன்! மீட்டர் கம்பியத்தான் பாக்கும், மருந்தப் பாக்காது!"

இம்மானுவேல் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப என்னயவா சொல்லி வச்சிருந்தே?"

"நீங்க சட்டைக்குள்ள எதையோ..."

"அது என் தலகாணிம்மா! மத்தியானம் செத்த சாயுறதுக்கு. காத்துத் தலகாணி!"

சித்தார்த் சிரித்துவிட்டான். முதல்வர் சிரிக்கவில்லை. குடையை மடக்கினார். "சாயலை, அதனால மூடலை. டப்பா இனிமே அந்தப் பொண்ணுகிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

ஒரு பொய்யைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் தப்பியதற்காக நாகஜோதியை நல்லவள் என்று சொல்லிவிட முடியாது. அதற்குமுன் இன்னொருவர் கழுத்தில் போட்டுவிட்டு வந்தவள்தானே.

அடுத்த வாரம், தமிழ்வாணி மருந்தில் புதிதாகத் தோய்த்துக் காயவைத்த இக்னைட்டர்களை நாகஜோதி கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சாவியை மட்டும் போட்டாள். மூன்றும் பற்றின. ராக்கெட் நிமிர்ந்தே போனது. கொடிக்கால் வேலியோரம் காவலுக்கு நின்ற பேயாண்டிகூட அண்ணாந்து பார்த்தார்.

அதுவரை அவளோடு பேசாமலிருந்த இம்மானுவேல் ஒரு கப் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். நாகஜோதி வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மீட்டர் எடுத்துட்டு வரவா?" என்றார் அவர், சிரிக்காமல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.