மனசு சரியில்லாத ஃபோர்மேன்

தொழிலாளர்களின் மனநல ஆலோசனை அறைக்கு, சுரங்க மேனேஜரான என் ஆபீஸுக்கு நேர் எதிரிலேயே இடம் பார்த்த மேதை நான்தான். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு ஃபோர்மேன் வந்தார். நரைத்த முறுக்கு மீசை. ரகசியத்தைக்கூடச் சுரங்கத்தின் மறுமுனைக்குக் கேட்கும்படி சொல்லும் பழக்கம். தினமும், "மனசு சரியில்லீங்க, உள்ள போறேன்!" என்று ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் நுழைவார்.

"உங்களுக்கு என்னங்க குறை?" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். நம்ம கன்வேயர் ஆபரேட்டரு தூக்கமில்லாம ஷிஃப்ட்டுக்கு வந்துகினு இருக்காரு. உள்ள போனா பைத்தியம்னுவாங்களேன்னு பயம். மொதல்ல என்னைச் சொல்லட்டும்."

மறுவாரம் அந்த ஆபரேட்டர் போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும்.

பூரித்துப்போய், எல்லோருக்கும் அப்படி என்னதான் பிரச்சினை என்று ஆலோசகர் அம்மாவிடம் விசாரித்தேன்.

"யார் என்ன சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது சார். ஆனா பாதிப் பேருக்குப் பிரச்சினை எதிர் ரூம்லதான் உக்காந்திருக்கு."