எலெக்ட்ரிக் மத்தாப்பு

இங்கிலீஷ் படித்தவள் என்ற திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதை விடுகிற உத்தேசம் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள் அவை. விருதுநகரில் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மிளகாய் வத்தல், பருப்பு மொத்த வியாபாரம். நான் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள்களின் இங்கிலீஷைப் பார்த்துத் திருத்த ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அத்தாவைப் பிடித்துக்கொண்டேன். தீபாவளி சீசன் முடிகிற வரைக்கும் போய் வா, பிறகு வீட்டோடு இரு என்றார். யாராவது கேட்டால், "சும்மா டைம்பாஸுக்குப் போகுது" என்பார். காலையில் கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மை வாசத்தோடு திரும்பி வருகிறவளுக்கு அந்தச் சொல் சுருக்கென்று குத்தும். சீசன் முடிந்தாலும் இந்த வேலையை விடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். அத்தாவைச் சம்மதிக்க வைக்கும் வழிதான் தெரியவில்லை.

கல்லூரியில் ஆங்கில மொழியின் வரலாறு என்று ஒரு பேப்பர் இருந்தது. மற்றவர்கள் பாஸ் ஆவதற்காக நோட்ஸை உருப்போட்டார்கள். எனக்கு அது கதைப்புத்தகம் மாதிரி ஓடியது. டெரிஃபிக் என்றால் ஒரு காலத்தில் குலை நடுங்க வைப்பது. பிறகு அதுவே பிரமாதம் என்று ஆனது. ஆஃபுல் என்ற சொல் முன்பு கடவுளின் சந்நிதியில் வரும் மலைப்பைச் சொன்னது; இன்றைக்கு வாயில் வைக்க முடியாத சாம்பாரைச் சொல்கிறது. கம்ப்யூட்டர் என்றால் அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள். இதையெல்லாம் வீட்டில் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். பிரஸ்ஸிலோ அது என் கண் முன்னாலேயே நடந்தது. உலகத்தை நடுங்க வைத்த ஆட்டம் பாம், எங்கள் பக்கம் பச்சைச் சணல் சுற்றிய வெடியாகி, பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் சாமானாகிவிட்டது. அந்த லேபிளுக்கு ப்ரூஃப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஃபேக்டரி வைத்திருந்த ஓர் அண்ணாச்சி எங்கள் பிரஸ்ஸுக்குப் பழைய பார்ட்டி. அவருடைய கம்பி மத்தாப்பு லேபிளை அவர் அப்பா காலத்திலிருந்து யாரும் மாற்றியதில்லை. ரிப்பன் கட்டிய சிறுமி, கையில் மத்தாப்பு, மேலே தங்க மையில் எலெக்ட்ரிக் ஸ்பார்க்லர்ஸ். இப்படித் தொழிலைத் தூக்கிவிட்ட லேபிளை எங்கள் பக்கம் ராசி லேபிள் என்பார்கள். அதில் கை வைக்கக் கூடாது. வருஷா வருஷம் மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, முதல் ஷீட்டை அண்ணாச்சி கையில் கொடுப்பது பிரஸ்ஸின் வழக்கம். அதைக் கொண்டுபோய் அவர் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் மற்ற ஷீட்டுகள் ஓடும்.

அந்த வருஷம் அவருக்கு முதல் தடவையாக வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அனுப்பிய சாம்பிள் பெட்டியைப் பார்த்துவிட்டு, பேட்டரி எங்கே என்று கேட்டார்களாம். எலெக்ட்ரிக் என்று போட்டிருந்தால் மின்சாதனங்களுக்கான சோதனைக்கு அனுப்ப வேண்டும், அந்தச் சொல்லை எடுத்தால்தான் ஆர்டர் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி எடுக்க மாட்டேன் என்றார். ஆர்டரே வேண்டாம் என்கிற அளவுக்கு வீம்பு. அந்தப் பெட்டிகளை அச்சடிக்கும் வேலை போய்விடுமே என்று எங்கள் முதலாளிக்குக் கவலை. என்னைக் கூப்பிட்டு, இங்கிலீஷ் சமாச்சாரம்தானே, நீயே பேசிச் சரிக்கட்டு, அதுக்குத்தானே உன்னை வைத்திருக்கிறேன் என்றார். இது கைநழுவினால் சீசன் முடியும்வரைகூட எனக்கு அங்கே நாற்காலி இருக்காது என்று புரிந்துவிட்டது.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்கப்பா வச்ச பேரும்மா. அவுக என்ன அர்த்தம் தெரியாமலா வச்சாக?"

"தெரிஞ்சுதான் வச்சிருக்காக அண்ணாச்சி. அந்த அர்த்தந்தான் இப்ப அங்கன இல்ல."

அப்பா இந்தப் பெயர் வைத்தபோது உங்கள் ஊரில் கரண்ட் இருந்ததா என்று கேட்டேன். எங்கே இருந்தது, கடையில் எரியும் பல்பைப் பார்க்கவே சாயங்காலம் சாத்தூர் வரைக்கும் நடந்து போவார்களாம் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அப்படியானால் அன்றைக்கு எலெக்ட்ரிக் என்றால் வாயைப் பிளந்து பார்க்கிற அதிசயம், உங்கள் அப்பா பெட்டியில் ஒட்டியது அந்த அதிசயத்தை, இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கரண்ட் பில்தான் ஞாபகம் வரும் என்றேன். அவர் இறங்கி வரவில்லை. டிக்‌ஷனரியில் அன்றும் இன்றும் ஒரே அர்த்தம்தானே இருக்கிறது என்று மடக்கினார். பக்கத்து மேஜையில் ஊதுபத்திப் பெட்டிக்கான ப்ரூஃப் கிடந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பூவோட வாசனைய அந்தக் காலத்துல நாற்றம்னுதான் எழுதினாக. இதுல மல்லிகை நாற்றம்னு அடிச்சுத் தந்தா, உங்க வீட்டுச் சாமிக்குப் பொருத்துவீகளா அண்ணாச்சி?"

மெஷின்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பழைய லேபிளின் தங்க எழுத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் அப்பாவைக் கேலி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டாரோ என்று ஊதுபத்தி ப்ரூஃபை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அப்பா நினைத்ததை இன்றைக்கு எந்தச் சொல் சொல்லும் என்று கடைசியில் கேட்டார். மேஜிக் என்று போடலாம், சிறுமியும் ரிப்பனும் தங்க மையும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"இது எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

"அதுக்கு நான் கேரண்டி தரமாட்டேன் அண்ணாச்சி. இதுவும் ஒரு நாள் பழசாகும். அப்ப வேற சொல்லு தேடணும். தேடுறதுக்கு ஆளு வேணும்ல."

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். கப்பலேறும் பெட்டிக்குப் புதுப் பெயர், உள்ளூர்ப் பெட்டியில் பழைய பெயர் என்று முடிவானது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்கள் ஊரில் இன்னும் எலெக்ட்ரிக் மத்தாப்பு என்று கேட்டு வாங்குகிற ஆட்கள் இருக்கும்போது, உயிரோடு இருக்கிற சொல்லை எதற்குக் கொல்ல வேண்டும்? மேஜிக் லேபிளின் முதல் ஷீட்டையும் அண்ணாச்சி அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் அச்சடிக்கச் சொன்னார்.

தீபாவளி முடிந்தது. அத்தா கொடுத்த கெடுவும் முடிந்தது. ஒரு நாள் அண்ணாச்சி இனிப்புப் பெட்டியோடு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். அடுத்த வருஷச் சரக்குக்குப் பெயர் வைக்க வேண்டும், எல்லாம் உங்கள் மகள்தான் பார்க்க வேண்டும் என்று அத்தாவிடம் சொன்னார். அத்தா அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாரே தவிர, போகலாம் என்றோ கூடாது என்றோ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளி லீவு முடிந்து பிரஸ் திறந்த அன்று காலையில் நானாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். வத்தல் மூட்டை எடை போடக் கொண்டுவந்திருந்த வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, சீசன்தான் முடிஞ்சிருச்சே, பிள்ளை எங்க கிளம்பிருச்சு என்று அத்தாவிடம் கேட்டார். என் கால் தானாக நின்றது.

அத்தா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டூட்டிக்குப் போகுது" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் இடம் இருந்தது. உட்காரத்தான் தோன்றவில்லை; சிவகாசி வரைக்கும் நான் நின்றுகொண்டே போனேன்.