கையிருப்பு போதுமான அளவில் உள்ளது

ஏலவார்குழலிக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் மந்திரிமார் பேசும் தமிழை அவளைப் போலப் பிரித்துச் சொல்ல எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஆள் கிடையாது.

அவள் புருஷன் கலியாணசுந்தரம் ஒரு தறியில், நான் பக்கத்துத் தறியில். வேலையும் மதியச் சாப்பாடும் எனக்கு அவர்கள் வீட்டில்தான். அவள் தரையில் பேப்பரை விரித்துப் போட்டு, ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே எங்களுக்குப் படிப்பாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் அரிசிக்குத் திண்டாட்டம். ரேஷன் கடையில் அரை நாள் நின்றுவிட்டு அவள் வெறும் பையோடு திரும்புவாள். பேப்பரில் மட்டும் ஒரு குறையும் இருக்காது.

"'பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை, விநியோகத்தில் தாற்காலிகச் சிரமம்தான்'னு மந்திரி சொல்றாரு."

"அப்டின்னா இன்னாக்கா?" என்பேன்.

"கடைக்குப் போயி காலு நோவ நிக்காதீங்கன்னு அர்த்தம்பா. 'கையிருப்பு போதுமான அளவில் உள்ளது.' அவரு வூட்ல இருக்குதாம்."

சிரிக்கிற சிரிப்பில் எனக்குத் தறியில் மிதி தவறிவிடும்.

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவன் பாதியில் எழுந்திருக்க மாட்டான். சோறு தறிக்கே வந்துவிடும். அவள் பிறகு அடுப்பங்கரையில் தனியாகச் சாப்பிடுவாள். அதனால் பானையில் என்ன மிச்சம் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் கலியாணசுந்தரம் கேட்டார்.

"அரிசி எவ்ளோ இருக்குது, குழலி?"

"நிலைமை கட்டுக்குள்ள இருக்குதுங்க. யாரும் பீதியடைய வேணாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ துன்னியா?"

"பரிசீலனைல இருக்குது."

அவர் தட்டோடு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். நானும் என் தட்டோடு பின்னாலேயே போனேன். பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"எத்தினி நாளா?"

அவள் முந்தானையைத் திருகினாள். பிறகு, "மூணு நாளா வடிகஞ்சிதான். நீங்க ரெண்டு பேரும் நெய்யணும் இல்ல" என்றாள்.

அவர் தன் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் மறுக்கவில்லை. அப்படி அவசர அவசரமாக யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று நாளாக அவள் பங்கைத் தின்றுகொண்டு அவள் பேச்சுக்குச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. என் தட்டிலும் பாதிச் சோறு இருந்தது. புருஷன் தட்டில் மனைவி சாப்பிடலாம். என் எச்சிலை அவளுக்கு எப்படிக் கொடுப்பது?