வேலூருக்குப் போய் பிரேன்கள் பிறந்த கதை கேட்டோம்

இதை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆம்பூர்க்காரர்களுக்குக் காட்டவே கூடாது. பக்கத்து வீட்டு ஷிரினின் படிவம் என்னிடம் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை வேலூரில் ஒரு கல்லூரியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் உரை. அனுமதி இலவசம். வர மாட்டேன் என்ற ஷிரினை இரண்டு வாரம் நச்சரித்துக் கூட்டிப்போனது நான்தான். எங்கள் ஆம்பூரிலிருந்து காலை 7.10 பேருந்து, சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்கம் வெயில் அடிக்கும். இடப்பக்கம் உட்காருங்கள்.

சரக் கோட்பாட்டில், அதாவது ஸ்ட்ரிங் தியரியில், பிரேன் என்பது ஒரு சவ்வு மாதிரி. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் ஒரு பிரேனும் எதிர்பிரேனும் நெருங்கி மோதி அழிந்திருக்கலாம் என்றார் பேராசிரியர். ஆனால் முழுதாக அழியாது. தொலைவில் இருக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் அடங்கும். அவை ஒத்துப்போகாத இடங்களில் சின்ன பிரேன்கள் இழை இழையாக மிஞ்சும். இது கணக்கில்தான், இன்னும் யாரும் பார்த்ததில்லை.

எனக்குச் சட்டென்று அம்மாவின் வேலை ஞாபகம் வந்தது. சாயம் அடித்த தோல் அங்கங்கே தனித்தனியாக உலரும். இரண்டு திட்டுகள் சேரும் இடத்தில் ஒரு கோடு நிற்கும். தோல் தொழிற்சாலையில் அம்மா அந்தக் குறையைத் தேடி வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவார். ஷிரின் காதில் சொன்னேன்.

“சூப்பர்டி! எழுந்து கேளு.”

“ஐயோ, இவ்ளோ பேர் முன்னாடியா? நீயே கேளு.”

தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்டாள். பேராசிரியர் கைதட்டினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. என் பெயரை அவள் சொல்லவில்லை.

“இன்னாடி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? நான் நல்லா கேட்டேன்ல?” என்று சிரித்துவிட்டுக் கைகழுவப் போனாள். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் வந்தார். பத்து நாள் கோடை முகாமுக்கான படிவத்தில் அவள் பெயரைத் தன் கையால் எழுதி, “உன் தோஸ்த்கிட்ட குடுத்துடும்மா” என்றார். மொத்தம் ஒரே இடம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தண்ணீர் எடுத்துப்போங்கள். மனசில் தோன்றும் கேள்வியை, கூச்சமாக இருந்தாலும், நீங்களே எழுந்து கேளுங்கள்.

நாளைக் காலை பத்துக்குள் படிவம் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். கிழித்துப் போட்டாலும் அந்த இடம் எனக்கு வராது, தெரியும். ஆனால் அவளுக்கும் வராது. மடிப்பில் பாதி வரை கிழித்துவிட்

கதவு தட்டுகிறார்கள்.

“ஏய், லைட்டு எரியுது, தூங்கலையா? நான்தான் ஷிரின். திற