எண்பது சிப்பாய்களும் ஒரு டின் பச்சை எனாமலும்

மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் போர்ட் பிளேயருக்கு வருகிறார் என்றால் முதலில் மாட்டிக்கொள்வது தென்னை மரங்கள்தான். இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு, அதற்கு மேல் ஒரு பட்டை காவி. ரோட்டோரத்துக் கல்லுக்கும் அதே கதி. அசையாமல் நிற்பது எதுவானாலும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த நானும் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான், என் சிப்பாய்கள் மேல் கை வைக்கும்வரை.

சிப்பாய்கள் என்றால் சுண்டுவிரல் உயரத்து ஈயச் சிப்பாய்கள். கப்பல் இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு பொம்மைச் சிப்பாயையும், மேஜைமேல் போர் விளையாடும் விதிகள் அடங்கிய சிறு புத்தகத்தையும் என்னிடம் விட்டுப்போனார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த கீழக்கரை பாய்தான் எனக்கு எதிரி. என் வயதுக்காரர். பகடை அவர் சொன்னதைக் கேட்கும். அந்த ஒற்றைச் சிப்பாயை வைத்துப் பிளாஸ்டரில் அச்செடுத்து, மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் கடைக்குப் பின்னால் உருக்கி ஊற்றினோம். ஆளுக்கு நாற்பது.

ஒரே அச்சு என்பதால் எண்பது பேருக்கும் ஒரே முகம், ஒரே உடுப்பு. யார் யாருடைய ஆள் என்று காட்டியது அழுக்கு மட்டும்தான். பாயின் படை மழையில் நடந்து வந்த படை. என்னுடையது வெயிலில் காய்ந்தது. அழுக்கைத் தீட்டியது நான்.

அழுக்குத்தானே, பூசினால் போயிற்று என்று நினைப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கப்பல் அணையும் ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர்களின் முதுகை நாள்கணக்கில் பார்த்தேன். காக்கி தோளில்தான் முதலில் வெளுக்கிறது. பெல்ட்டுக்கு அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. வியர்வை காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிகிறது. இதையெல்லாம் மூன்று முடி உள்ள பிரஷ்ஷால் ஒவ்வொருவனுக்கும் தீட்டினேன். மண்ணை மல் துணியில் சலித்துப் பிசினில் குழைத்து முழங்காலில் ஒட்டினேன். துப்பாக்கிக்கு ஜெட்டிச் சங்கிலியில் சுரண்டிய அசல் துரு. எட்டு மாத வேலை.

அந்த ஜனவரியில் பாய் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். புதன்கிழமை கப்பல். அதுவரை ஆளுக்கு ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தோம். கடைசி ஞாயிறு, கடைசி ஆட்டம் என்று பேச்சு. அதற்குப் பிறகு எனக்கு இந்தத் தீவில் எதிரி கிடையாது.

அதற்குள் மந்திரி வந்து திறக்கும் கண்காட்சி வந்தது. எங்கள் ஆபீஸ் ஸ்டாலில் சிப்பாய்களை வைக்கச் சொன்னார் எங்கள் மேலதிகாரி, பெரிய சாப். பாய் வேண்டாம் என்றார். எனக்குத்தான் ஆசை விடவில்லை. இரண்டு படைகளையும் நானே கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் எண்பதும் பச்சைப் பசேலென்று மினுமினுக்கின்றன. ஜீப்புக்கு அடிக்கும் எனாமல். பூட்ஸ் கறுப்பு, முகம் ரோஸ். ஸ்டாலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த மிஸ்திரி பல்லெல்லாம் தெரிய நின்றான்.

“சாப் வந்து பாத்தாரு. ‘இத்னா கந்தா! மந்திரி முன்னாடி நம்ம ஜவான் இவ்ளோ அழுக்காவா நிப்பான்?’னு கத்துனாரு. மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டு சாஃப் பண்ணிட்டோம் சார். ஏக்தம் நயா, புத்தம் புதுசு!”

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்கு பிய்த்துத்தான் போடும், பெயிண்ட் அடிக்காது. ஒருவனை எடுத்துப் பார்த்தேன். பாயின் ஆளா என் ஆளா தெரியவில்லை. எண்பதில் ஒருவனைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாபின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட வேண்டும் என்றுதான் திரும்பினேன். சாப் மந்திரியோடு வந்துகொண்டிருந்தார்.

மந்திரி நாலு விநாடி நின்றார். “வெரி நீட்” என்றார். சாப் என் தோளைத் தட்டி, “நம்ம பையன்தான் செய்தான்” என்று இந்தியில் சொன்னார். நான் கைகூப்பி, “தேங்க் யூ சார்” என்றேன். இரண்டு தடவை சொன்னேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் பாய் நின்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாய் மின்னி பே பகுதியில் இருந்த என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஒரு மணி நேரம் கத்தித் தீர்த்தேன். சாப் ஒரு மூடன், மிஸ்திரி ஒரு கழுதை, இந்த ஊரே சுண்ணாம்பு வாளியில் விழுந்து சாகட்டும் என்றேன். பாய் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், “பாய், உங்க ஆளுங்க காலுல செகப்புப் புள்ளி வெச்சுடறேன். ஆடிடலாம்” என்றேன்.

“வேணாம் சார்.”

“ஏன்?”

“எனக்கு மனசு இல்லெ. அன்னிக்கி நீங்க, இது என்னோடது இல்லெ, கெடுத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தெ சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு தடவெ தேங்க் யூ சொன்னீங்க. அதுல என் நாப்பது பேரும் இருந்தாங்க சார்.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ. எழுந்து நின்று, “கப்பலேறிப் போறவருக்கு என்னய்யா! எனக்கு நாளைக்கும் அந்த ஆளுகிட்டதான் வேலை! பாத்திரம் விக்கிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வெளிய போ!” என்று கத்தினேன். அவரை அதுவரை ஒருமையில் பேசியதே இல்லை.

பாய் டம்ளரை வைத்துவிட்டு, “வர்றேன் சார்” என்று சொல்லிப் போனார்.

புதன்கிழமை ஜெட்டிக்குப் போகவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது, வர முடியாது என்று அவர் தம்பியிடம் சொல்லியனுப்பினேன். இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் இல்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாபிடம் காட்டியிருக்க வேண்டிய கோபம் அது. காட்டினாலும் என்னை ஒன்றும் செய்யமாட்டார் என்று தெரிந்த ஒரே மனிதரிடம் காட்டினேன்.